பச்சை மூடி, ஊதா மூடி

என் மகளுக்கு ஐந்து வயது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் மறுபடி பசி என்பாள். ஒருநாள் பிரிட்ஜைத் திறந்து தோசை மாவை அப்படியே வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். "சாப்பாட்டைக் குறைங்கம்மா" என்று இரண்டு டாக்டர்கள் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது டாக்டர்தான் "பிறந்தப்போ பால் குடிச்சாளா?" என்று கேட்டார். எங்கே குடித்தாள்! உடம்பு துவண்டு கிடந்தாள், உறிஞ்சத் தெம்பில்லை, பாலாடையில்தான் புகட்டினோம். பிராடர்-வில்லி சிண்ட்ரோமாக, அதாவது பசி அடங்கவே அடங்காத ஒரு மரபணுக் கோளாறாக, இருக்கலாம் என்றார்.

சீட்டில் 'ஜெனடிக் டெஸ்ட்' என்று மட்டும் எழுதியிருந்தது. லேபில் கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் டெஸ்ட்) என்று பில் போட்டுப் பச்சை மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றோடு வேறு வரச் சொல்லியிருந்தார்கள். பசியே நோயான பிள்ளை, பதினொரு மணி வரை பட்டினி. பக்கத்தில் யாரோ பிஸ்கட் பிரித்த சத்தத்துக்கு அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. இந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து 'நார்மல்' என்று வந்தது. மாமியார் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், இது நான் கேட்ட டெஸ்டே இல்லை என்றார். கேரியோடைப்பில் பெரிய மாற்றங்கள்தான் தெரியும். இந்த நோயில் 15-ஆம் குரோமோசோமில் அப்பா வழியாக வரவேண்டிய சின்னப் பகுதி விடுபட்டிருக்கும். சிலருக்கு இரண்டு குரோமோசோமுமே அம்மாவுடையதாக இருக்கும், எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். அதைப் பிடிக்க, அந்தப் பகுதியில் அப்பா வழி அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும் டிஎன்ஏ மெத்திலேஷன் டெஸ்ட் வேண்டும். மறுபடி ஊசி, இந்தத் தடவை ஊதா மூடிக் குழாய். பாசிட்டிவ்.

வயிறு நிறைந்த சேதி, மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸில் எடுபடுவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும் ரத்தத்தில் அதிகம். இது தெரியாமல் 'திருட்டுத் தீனி' என்று அவளை அடித்திருக்கிறேன்.

இந்த நோயா என்று தெரிந்துகொள்ள அலைகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சீட்டில் 'மெத்திலேஷன்' என்ற வார்த்தையை எழுதி வாங்குங்கள். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். இந்தப் பிள்ளைகள் லேசில் வாந்தி எடுக்க மாட்டார்கள். எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சமையலறைக்குப் பூட்டுப் போட்டபோது மாமியார் அழுதார். ஆனால் சாப்பாட்டு நேரங்களைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டிய பிறகு மகளின் நச்சரிப்பு பாதியாகக் குறைந்தது. இப்போது பாட்டிதான் அவளைக் கடிகாரத்தடியில் உட்காரவைத்து, "பெரிய முள் மேலே வரட்டும்டி தங்கம், சுண்டல் தரேன்" என்கிறார்.