கறி ஊறுகிற வாரம்

நவம்பர் 5, செவ்வாய்

ஞாயிறு மதியத்துக்குச் சௌவர்பிராட்டன் வேண்டுமென்றால் இன்றே கறியை ஊறப்போட்டாக வேண்டும். ஜெர்மன் சமையல் இது: வினிகரில் நாலு நாள் ஊறி, மூன்று மணி நேரம் வேகும் மாட்டுக்கறி. கேட்கும்போது பெரிய வேலையாகத் தோன்றும். கையால் செய்கிற வேலை என்று பார்த்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது.

ஆறு பேருக்கு ஒன்றரை கிலோ, ஒரே துண்டாக. இறைச்சிக்கடையில் ‘பூக்’ என்று கேட்க வேண்டும், அதாவது முன்னங்கால் தோள்பட்டைக் கறி. பின்தொடைத் துண்டு பார்க்க அழகாக, கொழுப்பே இல்லாமல் இருக்கும், வெந்ததும் மரத்தூள். பூக் துண்டின் நடுவே ஒரு ஜவ்வு ஓடும். ‘எடுத்துவிடட்டுமா’ என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்றுவிடுங்கள். நிதானமாக வேகும்போது அது இளகிக் கூழாகிக் கறிக்கு ஈரம் கொடுப்பது.

ஊறல் நீருக்கு: சிவப்பு ஒயின் அரை லிட்டர் (இனிப்பில்லாதது, மலிவானதே போதும்), சிவப்பு ஒயின் வினிகர் 250 மில்லி, தண்ணீர் 250 மில்லி. காய்க்கு ‘சூப்பன்க்ரூன்’ கட்டு ஒன்று: கேரட், செலரிக் கிழங்குத் துண்டு, லீக் எல்லாம் சேர்த்துக் கட்டியே விற்கிறார்கள், தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. வெங்காயம் இரண்டு. மிளகு 10, கிராம்பு 4, ஜூனிப்பர் பழம் 8 (லேசாக நசுக்கி), மஞ்சள் கடுகு ஒரு டீஸ்பூன், லோர்பேர் இலை (ஐரோப்பிய ‘பே லீஃப்’) 3. நம் பிரியாணி இலையை இதற்குப் பதிலாகப் போடக் கூடாது. அது வேறு மரம், பட்டை வாசம் அடிக்கும்.

எல்லாவற்றையும் ஒரு கொதி விட்டு, முழுக்க ஆறவிட்ட பிறகுதான் கறியில் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் மேல்பக்கம் அரைவேக்காடு ஆகிவிடும்; ஃப்ரிட்ஜுக்குள் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்து கெட்டுப்போகவும் வழி உண்டு. உப்பு இப்போது வேண்டாம்.

பாத்திரத்தில் ஊறவைத்தால் கறி மூழ்க இரண்டு லிட்டர் நீர் வேண்டும். ஃப்ரீஸர் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டினால் ஒரு லிட்டரே எல்லாப் பக்கமும் தொடும். பை ஒழுகினால் தாங்க, கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம். அலுமினியம் மட்டும் கூடாது, வினிகர் அதை அரிக்கும்.

ஊறவைத்த கறியே கடையில் கிடைக்கிறதே என்றால், அதுவும் சரிதான். ஆனால் எத்தனை நாள் ஊறியது என்று தெரியாது. புளிப்பும் உப்பும் நம் கையில் இருக்காது.

நவம்பர் 6, புதன்

பையைத் திருப்பி வைத்தாயிற்று. சிவப்பாக இருந்த கறி வெளியே சாம்பலும் பழுப்புமாகியிருக்கிறது. கெட்டுப்போகவில்லை, வினிகர் பட்டால் அப்படித்தான். நாலு நாள் ஊறினாலும் புளிப்பு ஓரத்தைத் தாண்டி அதிக ஆழம் போகாது. மீதியைக் குழம்பு கொடுக்கும். அதனால் பத்து நாள் ஊறவைத்தால் பத்து மடங்கு ருசி என்று நினைக்க வேண்டாம். ஓரம் மாவாகும், அவ்வளவே.

இன்றைக்கு ஃப்ரிகடெல்ல. பெர்லினில் இதையே புலெட்ட என்பார்கள், பவேரியாவில் ஃப்ளைஷ்ஃப்ளான்ஸர்ல், ஸ்வேபியாவில் ஃப்ளைஷ்கூஹ்லெ. பேர் மாறினாலும் சங்கதி ஒன்று: கொத்துக்கறி, ஊறிய ரொட்டி, முட்டை.

மாடும் பன்றியும் பாதிப் பாதி கலந்த கொத்துக்கறி அரை கிலோ. கண்ணெதிரே அரைத்து வாங்கியது என்றால் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. முந்தைய நாள் காய்ந்த ப்ரோட்சென் (சின்ன உருண்டை ரொட்டி) ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து சேர்க்க வேண்டும். முட்டை 1, கடுகு விழுது ஒரு டீஸ்பூன், உப்பு 8 கிராம், மிளகுத்தூள், கொஞ்சம் மார்ஜோரம், பார்ஸ்லி. ஒரு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கி, ஆறவைத்துப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் வெங்காயம் வேகாது, அது இருக்கிற இடத்தில் வடை விரிசலும் விடும்.

பிசைவதில்தான் எல்லோரும் சறுக்குவது. இரண்டு நிமிடம் பிசைந்ததும் கலவை கையில் ஒட்ட ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். உப்பு சேர்ந்த கறியை மேலும் மேலும் பிசைந்தால் புரதம் பின்னிக்கொண்டு, கடித்தால் ரப்பர் பந்து. கலவை தளர்வாக இருக்கிறதே என்று ரொட்டித் தூளைக் கொட்டினால் அது ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் கல்லாக்கிவிடும். தளர்வுக்குக் காரணம் ரொட்டியைச் சரியாகப் பிழியாததே. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் தானே இறுகும்.

90 கிராம் வீதம் எட்டு உருண்டை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. இல்லாவிட்டால் வேகும்போது நடு உப்பிவிடும். மிதமான தீயில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். தீயைக் கூட்டினால் வெளியே கரி, உள்ளே பச்சை. நடுவில் 70 டிகிரி வந்தால் சரி. மிச்சம் இருந்தால் நாளை ஆறியதையே ப்ரோட்செனுக்குள் வைத்துக் கடுகு விழுதோடு சாப்பிடலாம். சூடாக இருப்பதைவிட அதுதான் ருசி என்பவர்கள் ஜெர்மனியில் நிறைய.

நவம்பர் 7, வியாழன்

பை திருப்பப்பட்டது.

கஸ்ஸலரும் சௌவர்க்ரௌட்டும் (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்). இதைவிடச் சோம்பேறிச் சமையல் கிடையாது. கஸ்ஸலர் ஏற்கெனவே உப்பில் பதப்படுத்திப் புகையில் போட்ட பன்றிக்கறி, நாம் சூடாக்கினால் போதும். விலா வெட்டை விட்டுவிட்டுக் கழுத்துக்கறித் துண்டுகளாக வாங்குவது நல்லது. விலா வெட்டு ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்தாலே வறண்டுவிடும்.

ஒரு தேக்கரண்டி பன்றிக்கொழுப்பில் வெங்காயத்தைக் கண்ணாடியாக வதக்கி, அரை கிலோ சௌவர்க்ரௌட், துருவிய ஆப்பிள் ஒன்று, ஜூனிப்பர் 5, லோர்பேர் 1, ஆப்பிள் ஜூஸ் 150 மில்லி. மூடி 30 நிமிடம். ஒரு சின்ன உருளைக்கிழங்கைப் பச்சையாக மெல்லிசாகத் துருவிப் போட்டுக் கிளறினால் நீர் பிரியாமல் சேர்ந்துகொள்ளும். துண்டாக நறுக்கிப் போட்டால் ஏமாற்றம்தான், புளிப்பில் கிழங்கு சீக்கிரம் வேகாது. மேலே கறியை அடுக்கி இன்னும் 15 நிமிடம். உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

வெந்த பிறகும் கறி இளஞ்சிவப்பாகவே இருக்கும். அது பதப்படுத்தும் உப்பின் நிறம். பச்சையென்று நினைத்து மேலும் வேகவைத்துக் கெடுக்க வேண்டாம். அதே உப்பு இருப்பதால் இந்தக் கறியைக் கருகக் கருக வறுப்பதும் நல்லதல்ல.

நவம்பர் 8, வெள்ளி

பை திருப்பப்பட்டது. வெள்ளிக்கிழமை மீன் என்ற பழைய கத்தோலிக்க வழக்கப்படி இன்று கறி இல்லை.

இங்கே ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். நாளைக்குள் வாங்க வேண்டியவை: உருளைக்கிழங்கு க்ளோஸ் (நீரில் வேகவைக்கும் உருண்டை) மாவு, குளிர்பெட்டியில் இருக்கும் 750 கிராம் பொட்டலம், கண்ணாடிப் புட்டியில் வரும் சிவப்பு முட்டைக்கோஸ், உலர் திராட்சை, லேப்கூகன் (மசாலா வாசமுள்ள இனிப்பு பிஸ்கட்), சர்க்கரை பீட்ரூட் கிழங்குப் பாகு. க்ளோஸை உருளைக்கிழங்கு துருவிப் பிழிந்து வீட்டில் செய்வதற்கும் பொட்டல மாவுக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அதற்கு ஆகிற ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த வித்தியாசம் பெறாது. குழம்புக்கு மட்டும் பாக்கெட் பொடி வேண்டாம். அதில் இருப்பது முக்கால்வாசி மாவும் உப்பும்.

நவம்பர் 9, சனி

இன்றே சமைத்து, இரவு முழுக்க ஆறவிட்டு, நாளை துண்டு போடுவது. சூட்டோடு அறுத்தால் நார் நாராகப் பிரியும். ஆறியது ரொட்டி மாதிரி வழுவழுவென்று அறுபடும்.

கறியை எடுத்து, நீரை வடிகட்டி, காய்களைத் தனியே வைக்க வேண்டும். அடுத்தது ஈரம் துடைப்பது. நாலைந்து காகிதத் துண்டு ஆகும். தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. ஈரத்தோடு சட்டியில் போட்டால் ‘சர்’ என்ற சத்தம் ஐந்தே விநாடியில் அடங்கி, சாம்பல் நிற நீர் கொதிக்கும். அப்புறம் அது வறுவல் ஆகாது, அவியல்தான். பன்னிரண்டு கிராம் உப்பை இப்போது தடவலாம்.

கனமான இரும்புச் சட்டியில் புட்டர்ஷ்மால்ஸ் இரண்டு தேக்கரண்டி. நம் நெய்யும் அதுவும் ஏறக்குறைய ஒன்று. இந்தியக் கடை நெய் இருந்தால் அதுவே போதும். ஒவ்வொரு பக்கமும் மூன்று நாலு நிமிடம் தொடாமல் விட வேண்டும். கறி சட்டியை விட்டுத் தானாகக் கழன்று வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. ஓரங்களையும் இடுக்கியால் நிறுத்திப் பிடித்துச் சிவக்க வைக்க வேண்டும். மொத்தம் கால் மணி நேரம், அவசரம் ஆகாது. குழம்பின் நிறம் முழுக்க இதிலிருந்துதான் வரப்போகிறது.

கறியை எடுத்துவிட்டு அதே கொழுப்பில் காய்கள், ஓரம் பழுக்கும்வரை பத்து நிமிடம். தக்காளி விழுது ஒரு தேக்கரண்டி, ஒரு நிமிடம் வதக்கல். ஒரு கரண்டி ஊறல் நீர் விட்டு அடியைச் சுரண்டிச் சுண்டவிட வேண்டும். பிறகு ஊறல் நீர் 400 மில்லி, உப்பில்லாத மாட்டுக்கறி சூப் 400 மில்லி. ஊறல் நீரை முழுக்க ஊற்றிவிடுவது பெரும்பாலானோர் செய்யும் தப்பு. புளிப்பு ஏறிவிட்டால் சர்க்கரையைக் கொட்டி மீட்க வேண்டிவரும், முடிவில் ஜாம் மாதிரி ஆகும். மிச்ச நீரைத் தனியே எடுத்து வைத்தால் புளிப்பு போதாதபோது கொதிக்கவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

கறியைத் திரும்ப வைத்து மூடி, ஓவனில் 150 டிகிரி, மூன்று மணி நேரம். பாதியில் ஒருமுறை திருப்ப வேண்டும். தளதளவென்று கொதிக்கக் கூடாது, அங்கொன்று இங்கொன்றாகக் குமிழ் வந்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்துவிட்டு ‘அதிகமாக வெந்து கெட்டியாகிவிட்டதே’ என்று அடுப்பை அணைப்பவர்கள் உண்டு. உண்மை தலைகீழ்: இன்னும் வேகவில்லை. ஜவ்வு இளகியதும் முள்கரண்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், அதுவரை பொறுக்க வேண்டும்.

குக்கரில் என்றால் 55 நிமிடம். ஜெர்மன் குக்கர் விசில் அடிக்காது. குச்சியில் இரண்டாவது வளையம் தெரிந்ததும் நேரம் எண்ணத் தொடங்க வேண்டும். ஆவியைத் திறந்துவிடாமல் தானே அடங்கவிடுங்கள். சட்டென்று திறந்தால் உள்ளே பொங்கிக் கறி நாராகும்.

குழம்பை வடிகட்ட வேண்டும். காய்களை அரைத்துச் சேர்க்கலாமே என்று தோன்றும். வினிகரில் கிடந்த கேரட் மூன்று மணி நேரம் வெந்தும் விறைப்பாகவே இருக்கும், குழம்பு திப்பி திப்பியாகிவிடும். வடித்தது சுமார் 700 மில்லி. அதில் லேப்கூகன் 60 கிராம் பொடித்து (சாக்லேட், சர்க்கரைப் பூச்சு இல்லாதது, ஆஹன் ஊரின் பிரின்டென் என்ற வகை கிடைத்தால் இன்னும் நல்லது), உலர் திராட்சை 40 கிராம், கிழங்குப் பாகு ஒரு தேக்கரண்டி. பத்து நிமிடம் சிறு தீயில். கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். நாக்கில் முதலில் புளிப்பு, பின்னால் இனிப்பு.

திராட்சையும் பாகும் ரைன்லாந்து வழக்கம். ஸ்வேபியாவில் திராட்சை போட்டால் முகம் சுளிப்பார்கள். ரைன்லாந்தில் முன்பு இதைக் குதிரைக்கறியில்தான் செய்தார்கள்.

கறி தனியாக, குழம்பு தனியாக ஆறவிட்டு ஃப்ரிட்ஜில்.

நவம்பர் 10, ஞாயிறு

குழம்பின் மேல் உறைந்த கொழுப்பை வழித்து எடுத்தாயிற்று. கறியை நாருக்குக் குறுக்காக, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தடிமனில் அறுத்து அகலத் தட்டில் அடுக்கி, கொதிக்கும் குழம்பை ஊற்றி மூடி 140 டிகிரியில் அரை மணி நேரம்.

சிவப்பு முட்டைக்கோஸ் புட்டியில் இருந்து நேராகத் தட்டுக்கு வரக் கூடாது. கொஞ்சம் கொழுப்பு, நறுக்கிய அரை ஆப்பிள், ஒரு கிராம்பு சேர்த்து 20 நிமிடம் கொதித்தால் வீட்டில் செய்தது என்று நம்புவார்கள். புளிப்பு இருந்தால் சிவப்பாக நிற்கும், குறைந்தால் நீலம் ஓடும். தெற்கே இதற்கு நீல முட்டைக்கோஸ் என்றே பேர்.

க்ளோஸ்: ஈரக்கையால் உருட்டி, நடுவில் வெண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டு இரண்டு. உப்புநீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, கொதி அடங்கிய பிறகே போட வேண்டும், மூடாமல் 20 நிமிடம். கொதிக்கிற நீரில் கஞ்சியாகக் கரைந்துவிடும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். உடைந்தால் மீதி மாவில் ஒரு தேக்கரண்டி உருளைக்கிழங்கு ஸ்டார்ச்.

நவம்பர் 11, திங்கள்

மிச்சக் கறியைப் பொடியாக நறுக்கிக் குழம்போடு ஷ்பெட்ஸ்லெ நூடுல்ஸில். இரவோடு இரவாகக் குழம்பு இறுகியிருக்கும், சூடாக்கும்போது அரை டம்ளர் தண்ணீர். மீதிக் குழம்பு ஃப்ரீஸருக்கு.

நவம்பர் 16, சனி

ரூலாடன் (உள்ளே பூரணம் வைத்துச் சுருட்டிய மாட்டுக்கறி), குக்கரில். பின்தொடையில் இருந்து ஒரு துண்டு 180 கிராம் வீதம் நாலு அகலத் துண்டு. (வறண்டுபோகும் என்று சொன்ன அதே பின்தொடைதான், மெல்லிசு என்பதாலும் உள்ளே பன்றிக்கொழுப்பு இருப்பதாலும் இங்கே சரிவரும்.) ஒவ்வொன்றிலும் கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, புகைத்த பன்றிக்கறிப் பட்டை இரண்டு, மெல்லிய வெங்காயம், ஊறுகாய் வெள்ளரியில் நீளக் கால்பாகம். பட்டையிலும் வெள்ளரியிலும் உப்பு இருக்கிறது, கறியில் போட வேண்டாம். நீள ஓரங்களை உள்ளே மடித்துவிட்டுச் சுருட்ட வேண்டும். மடிக்காமல் சுருட்டினால் கடுகு வழிந்து சட்டியில் கருகிக் கசக்கும். பல்குச்சி துண்டுக்கு இரண்டு.

சுற்றிலும் சிவக்க வறுத்து, தக்காளி விழுது, சிவப்பு ஒயின் 150 மில்லி, சூப் 300 மில்லி. இரண்டாவது வளையத்தில் 30 நிமிடம். மாவு கரைப்பதற்குப் பதிலாக ஃப்ரீஸரில் இருக்கும் குழம்பைச் சேர்க்கலாமே என்றால், வேண்டாம். திராட்சையும் வெள்ளரியும் ஒத்துப்போகாது.

எட்டுக் குச்சி செருகியிருந்தால் எட்டையும் எண்ணி எடுத்த பிறகே தட்டு மேசைக்குப் போகலாம்.