கையில் லைசென்ஸ், காலில் நடுக்கம்: பெருநகர நெரிசலில் கார் ஓட்டப் பழகிய அனுபவம்

டிரைவிங் ஸ்கூல்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் ஆளில்லாத ரோட்டில் ஓட்ட வைத்து, ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி, டெஸ்டில் பாஸ் ஆக்கி அனுப்பிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிற கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு வகுப்பாவது வையுங்கள் என்று கேட்டால், "அதெல்லாம் ஓட்ட ஓட்டத் தானா வந்துடும் மேடம்" என்பதுதான் பதில். இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும் இல்லையா, சொல்லிக்கொடுப்பவரின் கால் கடைசி வகுப்புவரை அதன்மேல்தான் இருந்தது. வண்டி அழகாக நின்றபோதெல்லாம் நிறுத்தியவர் அவர்தான் என்பது சொந்த வண்டியில் தனியாக உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

இப்போது வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பவர்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுதான். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் விடாப்பிடியாக நில்லுங்கள். நெரிசல் நேரத்தில் ஓட்டத் தரவேண்டும், அப்போது அவர் இரண்டு காலையும் மடக்கி சீட் பக்கம் வைத்துக்கொள்ளவேண்டும். தேவைப்பட்டால் உடனே மிதிக்க எட்டும் தூரம்தான் அது, ஆபத்து ஒன்றுமில்லை. முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

லைசென்ஸ் வந்தது, வண்டி வாங்கியது, இன்சூரன்ஸ் போட்டது எதிலும் சிக்கல் இல்லை. சிக்கல் ஆரம்பித்தது முதல் திங்கட்கிழமை காலையில்.

நெரிசலில் ஓட்டுவது என்றால் வேகமாக ஓட்டுவதுதான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம். நாலு அடி நகர், நில், மறுபடி நாலு அடி நகர், நில் என்று கியர் வண்டியில் ஒரு மணி நேரம் போனால் இடது கால் முட்டியிலிருந்து கெண்டைக்கால்வரை பிடித்துக்கொள்ளும். அதற்கு நடுவில் பைக்குகள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு கண்ணாடியிலும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பானெட்டுக்கு முன்னால் ஒன்று முளைத்திருக்கும். ஒரு நாள் ஆடாமல் அசையாமல் சிக்னலில் நின்றுகொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து வந்த ஒருவர் தன் ஹேண்டில்பாரால் என் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தட்டி மடக்கிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்து, "பாத்து ஓட்டக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வண்டி நியூட்ரலில் இருந்தது! அன்றைக்கு ஆபீஸ் போய்ச் சேரும்வரை சிரிப்பும் ஆத்திரமும் மாறி மாறி வந்தது.

கண்ணாடி விஷயத்தில் ஒரு குறிப்பு. பலரும் பக்கவாட்டுக் கண்ணாடியில் தங்கள் வண்டியின் பக்கமே பாதிக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். சொந்த வண்டியைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. வண்டியின் ஓரம் ஒரு கோடு அளவுக்குத் தெரிந்தால் போதும், மீதி முழுக்க ரோடு தெரியட்டும். அப்படி வைத்தாலும் கண்ணாடியில் தெரியாத ஒரு மறைவிடம் மிச்சம் இருக்கும், அதனால் லேன் மாறும்போது கழுத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.

அடுத்தது மேம்பால ஏற்றம். இது எனக்கு நேர்ந்ததிலேயே மோசமானது. பாலத்தின் மேலே ஏதோ ஒரு வண்டி பழுதாகி நின்றுவிட, ஏற்றம் முழுவதும் வரிசையாக வண்டிகள். எனக்குப் பின்னால் ஒரு லாரி, கண்ணாடி நிறைய அதன் முகப்பு மட்டும்தான் தெரிகிறது, இடைவெளி எவ்வளவு என்றே கணக்குத் தெரியவில்லை. முன்னால் இருப்பவர்கள் நகர்ந்தார்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருள்கிறது, எடுக்காவிட்டால் எஞ்சின் நின்றுபோகிறது. நாற்புறமும் ஹாரன். ஒரு பைக்காரர் ஜன்னல் பக்கம் வந்து கையை விரித்து என்னவோ கேட்டுவிட்டுப் போனார். ஹாரன் அடிக்காமல் இருந்தவர் அந்த லாரி டிரைவர் ஒருவர்தான். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "பதட்டப்படாத தங்கச்சி, ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டு எடு, நான் இங்கேயே நிக்கிறேன்" என்று கத்திச் சொன்னார். வகுப்பில் யாரும் சொல்லாததை ஒரே வரியில் சொல்லிவிட்டார் மனுஷன்.

முறை இதுதான். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து வையுங்கள். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்துக்கொண்டே கிளட்ச்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனக்கும், பானெட் ஒரு விரல்கடை மேலே எழும்பும், வண்டி முன்னால் போகத் துடிப்பது சீட்டிலேயே தெரியும். அங்கே காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை விட்டால் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஏற்றமாகப் பார்த்துப் போய் இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இப்போது வருகிற பல வண்டிகளில் ஏற்றத்தில் சில நொடி தானாகவே பிடித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பிக் கற்றுக்கொண்டால் வேறு வண்டியில் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக் போடாமல் அரை கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். பார்க்கத் திறமையாக இருக்கும், கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகல் வாடை வரும்.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். முன்வண்டிக்கும் நமக்கும் இடையில் விடும் இடைவெளி. ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் முன்னால் இருக்கும் பம்பரை முட்டுகிற மாதிரி போய் நின்றுகொண்டிருந்தேன், ஏனென்றால் கொஞ்சம் இடம் விட்டாலும் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், பக்கத்தில் இருப்பவர் மூக்கை நுழைப்பார். ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டு ஓட்டுவதுதான் நெரிசலையே உண்டாக்குகிறது என்று தெரிந்த பிறகு என் ஓட்டமே மாறிவிட்டது.

பல நேரம் கவனித்திருப்பீர்கள், அரைமணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து போவோம், திடீரென்று ரோடு காலியாகும், அங்கே விபத்தும் இருக்காது, பள்ளமும் இருக்காது, போலீஸும் இருக்காது. பிறகு எதற்காக நின்றோம்? ஜப்பானில் யூகி சுகியாமா என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்து 2008இல் வெளியிட்டது. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, குறுக்குத் தெரு இல்லை, எந்தத் தடையும் இல்லை. கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்கம் கார்கள் நின்றுவிட்டன! ஒருவர் பிரேக்கை லேசாகத் தொடுகிறார், பின்னால் இருப்பவர் அதைவிடக் கொஞ்சம் அழுத்துகிறார், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் அழுத்துகிறார், கடைசியில் ஒருவர் முழுதாக நிற்க வேண்டியதாகிறது. அந்த நெரிசல் அலை கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் போனது. காரணமே தெரியாமல் நாம் நின்று நின்று போவது பல நேரம் இந்த அலையில் மாட்டித்தான். முன்னால் ஓர் இடைவெளி இருந்தால் நாம் பிரேக்கைத் தொடாமலே அந்த அலையை உள்வாங்கிக்கொள்ளலாம், பின்னால் வருபவர்களும் நிற்கவேண்டியதில்லை.

எவ்வளவு இடைவெளி என்றால், ஓடும்போது குறைந்தது 2 நொடி. முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று மனதுக்குள் சொல்லுங்கள், முடிப்பதற்குள் நீங்கள் அதே கம்பத்தைத் தாண்டினால் நெருங்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறோம், கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். மழை என்றால் இதை இரட்டிப்பாக்குங்கள். சிக்னலில் நிற்கும்போது வேறு கணக்கு: முன்வண்டியின் பின்சக்கரம் ரோட்டைத் தொடும் இடம் உங்கள் சீட்டிலிருந்து தெரியவேண்டும். அப்படி நின்றால், அந்த வண்டி பழுதாகி நின்றுபோனாலும் ரிவர்ஸ் எடுக்காமல் வெட்டி வெளியே வந்துவிடலாம். இந்த ஒரு பழக்கம் என்னை எத்தனையோ காலைகளில் காப்பாற்றியிருக்கிறது.

யாராவது நடுவில் நுழைவார்களே என்றால், நுழைவார்கள். விட்டுவிடுங்கள். ஒரு கார் நமக்கு முன்னால் வந்தால் நமக்கு நஷ்டம் சில நொடிகள்தான். பின்னால் ஹாரன் அடிப்பவரைப் பற்றியும் கவலைப்படாதீர்கள், சிவப்பு விளக்கில் இன்னும் மூன்று நொடி இருக்கும்போதே அடிப்பவர் அவர். பச்சை விழுந்ததும் மூன்று பேரை முந்திப் பறந்தாரே ஒருவர், அடுத்த சிக்னலில் எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். இதை நான் அடிக்கடி பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு லேன் ஒன்றாகும் இடங்களிலும் இதே மனநிலைதான் வேண்டும். இந்த லேனில் ஒன்று, அந்த லேனில் ஒன்று என்று ஜிப்பில் பல் கோப்பது போல மாறி மாறிப் போனால் இரண்டு வரிசையும் நகரும். ஜெர்மனியில் இதைச் சாலை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மில் பலர் அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே ஒரே லேனில் ஒதுங்கி நின்றுகொண்டு, காலியாக இருக்கும் லேனில் வருபவரைத் திட்டுகிறோம். லேன் முடியும் இடம்வரை போய், அங்கே ஒருவர் விட்டு ஒருவராக நுழைவதுதான் சரியான முறை.

மேப் ஆப் பற்றிச் சொல்லாவிட்டால் ஆறாது. ஒரு முக்கியமான வேலைக்கு நேரத்தோடு கிளம்பினேன், அது சொன்ன வழியிலேயே போனேன். மேம்பாலம் பிரியும் இடத்தில் மேலே போவதா கீழே போவதா என்று சொல்லாமல் "நேராகச் செல்லவும்" என்றது. இரண்டுமே நேர்தான்! மேலே ஏறினேன், ஆப் நான் கீழே போவதாகவே நினைத்துக்கொண்டு திரும்பு திரும்பு என்று கத்துகிறது, திரும்ப அங்கே இருப்பது கைப்பிடிச் சுவர். பாலம் இறங்கி, யூ டர்ன் தேடி, திரும்பி வருவதற்குள் அந்த வேலை முடியும் நேரமே கடந்துவிட்டது, போனது முழுக்க வீண். மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இடத்தில் நாம் எதில் இருக்கிறோம் என்பது ஜிபிஎஸ்ஸுக்கு எளிதில் பிடிபடாது. அதனால் கிளம்பும் முன்பே வழியைப் பெரிதாக்கிப் பார்த்து, எந்தப் பாலத்தில் ஏறவேண்டும், எதை விடவேண்டும் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தவறிப்போய் ஏறிவிட்டால் கடைசிவரை போய் இறங்குங்கள். அன்றைக்கு என் கண்ணெதிரிலேயே ஒருவர் பாலத்து ஏற்றத்தில் ரிவர்ஸில் இறங்கிக்கொண்டிருந்தார், வயிற்றைக் கலக்கிவிட்டது.

கிளம்பும் நேரம் எல்லாவற்றையும்விடப் பெரிது. பள்ளி விடுமுறை நாட்களில் ரோடு எவ்வளவு லேசாகிறது பாருங்கள், அத்தனை பேரும் வண்டியை வீட்டில் விட்டுவிடவில்லை, ஒரு பகுதி குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2006இல், நகரின் நடுப்பகுதிக்குள் போய்வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் போட்டுப் பார்த்தபோது கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தன, ஆனால் வரிசையில் காத்துக்கிடக்கும் நேரம் அதைவிட அதிகமாகக் குறைந்தது. உச்ச நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினால் அந்த விடுமுறை நாள் ரோடு நமக்குத் தினமும் கிடைக்கும். நான் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன், வீட்டில் திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக பார்க்கிங். இவ்வளவும் கடந்து போய்ச் சேர்ந்தால், அடுக்குமாடி பார்க்கிங்கில் டோக்கன் மெஷின் வெறும் வெள்ளைக் காகிதத்தைத் துப்பியது, மை தீர்ந்திருக்கிறது. உள்ளே போகும்போது காவலாளி "போங்க மேடம், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார். வெளியே வரும்போது கூண்டில் இருந்தவர், நேரம் இல்லாத டோக்கனுக்கு முழுநாள் கட்டணம் என்றார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்தன, கொடுத்துவிட்டுப் போய்விடுவேன் என்று நினைத்தார் போல. "உள்ள வர்ற இடத்துல கேமரா இருக்கே அண்ணா, என் நம்பரைப் போட்டுப் பாருங்க" என்றேன். சிஸ்டம் ஸ்லோ என்றார். "ஓரமா நிறுத்திட்டு வெயிட் பண்றேன்" என்று நிஜமாகவே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். மேனேஜர் வந்தார், நம்பரைத் தட்டினார், நான் நுழைந்த நேரம் ஒரு நிமிடத்தில் திரையில் வந்துவிட்டது. ஒரு மணி நேரக் கட்டணம் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அதனால், டோக்கன் கையில் வந்ததுமே அதில் நேரம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தடுப்பைத் தாண்டாமல் அங்கேயே வேறு கேளுங்கள். இறங்கியதும் டோக்கனை ஒரு போட்டோ, பக்கத்துத் தூணில் எழுதியிருக்கும் தளத்தையும் எண்ணையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் எடுத்த நேரமும் பதிவாகும், கூண்டுக்காரரிடம் காட்ட அது போதும்.