டாலி லைசென்ஸைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது பழையதை அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள்

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த கையோடு பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. மறுநாள் புதியதில் டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தால், இடது மேல் மூலையில் ‘சில்வர்’ அல்லது ‘கோல்டு’ என்று லைசென்ஸ் வகை இருக்க வேண்டிய இடத்தில் ‘இடியூ’ (லைசென்ஸ் இல்லாத பயிற்சி நிலை) என்று இருக்கும். அப்போதுதான் தேட ஆரம்பிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் எங்கும் போகவில்லை. பழைய இயந்திரத்தின் பேரில் இன்னும் பதிவாகி நிற்கிறது, அவ்வளவுதான். சில்வர் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கான லைசென்ஸ். அங்கிருந்து விடுவித்தால்தான் இங்கே ஏறும்.

ஆகவே முதல் வேலை பழைய கம்ப்யூட்டரில்தான். ஆல்ட் + ஒய் அழுத்தி, பேக்கப் எடுத்து, பென் டிரைவில் வையுங்கள். பிறகு எஃப்1, செட்டிங்ஸ், லைசென்ஸ், சரண்டர். இதற்கு டாலி டாட் நெட் ஐடியும் (லைசென்ஸ் பதிவான மின்னஞ்சல்) பாஸ்வேர்டும் வேண்டும். சரண்டர் என்றதும் கணக்கு அழிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. டேட்டாவை அது தொடாது. லைசென்ஸை மட்டும் விடுவிக்கும். சரண்டர் நடக்காமல் பிழை காட்டினால், டாலி ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து மறுபடி முயலுங்கள். ஆன்டிவைரஸோ ஃபயர்வாலோ டாலியை இணையத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

மதர்போர்டு செல் தீர்ந்த பழைய இயந்திரத்தில் தேதி ஒவ்வொரு முறையும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணைய இணைப்பே அமையாது. தேதியைச் சரி செய்துவிட்டு முயலுங்கள்.

இதில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது மின்னஞ்சலில்தான். லைசென்ஸ் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது? வாங்கிய அன்று இன்ஸ்டால் செய்ய வந்த பையனின் முகவரியாக இருக்கலாம், வேலையை விட்டுப் போன கணக்கரின் முகவரியாகவும் இருக்கலாம். பாஸ்வேர்டு மாற்ற வேண்டுமென்றாலும், லைசென்ஸை உறுதிப்படுத்தும் அன்லாக் கீ கேட்டாலும் அங்கேதான் போகும். லைசென்ஸ் உங்கள் கையில் இருக்கிறதா என்பதை அந்த முகவரிதான் தீர்மானிக்கிறது. கம்ப்யூட்டர் மாற்றும் எண்ணம் வந்த அன்றே எஃப்1, அபௌட் போய் ஒன்பது இலக்க சீரியல் நம்பர், ரிலீஸ் (பதிப்பு) எண், டிஎஸ்எஸ் என்ற டாலி சேவைச் சந்தா முடியும் தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். மின்னஞ்சல் உங்களுடையதாக இல்லாவிட்டால், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, விற்ற பார்ட்னர் மூலம் முதலில் அதை மாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

டிஎஸ்எஸ் தேதியை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், அது முடிந்த பிறகு வெளிவந்த ரிலீஸில் உங்கள் லைசென்ஸ் வேலை செய்யாது. புதுக் கம்ப்யூட்டர்தானே என்று புத்தம் புது ரிலீஸை இறக்கினால் இடியூவிலேயே நிற்கும். அதைவிட மோசம், அதில் பழைய டேட்டாவைத் திறந்து அப்கிரேடுக்கு ‘யெஸ்’ கொடுத்துவிடுவது. 3.0 போன்ற பெரிய ரிலீஸுக்கு மாறிய டேட்டா பழைய ரிலீஸில் திறக்காது. பேக்கப் எடுத்திருந்தால் பிழைத்தீர்கள். டிஎஸ்எஸ் காலாவதியாகியிருந்தால் பழையதில் இருந்த அதே ரிலீஸையே போடுங்கள்.

புதியதில் நிறுவியதும் வரும் திரையில் ‘ஆக்டிவேட் நியூ லைசென்ஸ்’ பக்கம் போகாதீர்கள். அது முதன்முறை வாங்குகிறவர்களுக்கு. ஆக்டிவேஷன் கீ கேட்கும், நீங்கள் வீடெல்லாம் பழைய காகிதத்தைத் தேடுவீர்கள். உங்களுக்கானது ‘ரீஆக்டிவேட்’. அதே ஐடி, அதே பாஸ்வேர்டு. மூலையில் சில்வர் என்று மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே ஆல்ட் + ஒய், ரீஸ்டோர். ஏனென்றால் இடியூ நிலையில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும். லைசென்ஸ் வரும்வரை ஓட்டுவோம் என்று 14-ஆம் தேதி விற்பனையை 2-ஆம் தேதியில் போட்டுவிட்டால், அதைப் பின்னால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கும். இந்த மாற்றத்தை 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

நெட்வொர்க்கில் பல கம்ப்யூட்டர்களுக்கான கோல்டு லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. சர்வர் கம்ப்யூட்டர் மாறினால் மற்ற கம்ப்யூட்டர்கள் பழைய சர்வரையே தேடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ‘யூஸ் லைசென்ஸ் ஃப்ரம் நெட்வொர்க்’ போய்ப் புது சர்வரின் பெயரைக் கொடுங்கள். போர்ட் வழக்கமாக 9999. புது சர்வரின் விண்டோஸ் ஃபயர்வாலில் அந்த போர்ட் திறந்திருக்க வேண்டும்.

பில் வடிவத்துக்கோ வேறு வசதிக்கோ தனியாக எழுதி வாங்கிய டிடிஎல் கோப்பு இருந்தால் அது லைசென்ஸோடு தானாக வராது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து நகலெடுத்து, எஃப்1, டிடிஎல்ஸ் அண்ட் ஆட்-ஆன்ஸில் மறுபடி சேருங்கள்.

பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இல்லை, சரண்டர் செய்யவே வழியில்லை என்றால், சீரியல் நம்பரோடும் பில்லோடும் பார்ட்னரையோ டாலி உதவி மையத்தையோ அணுகுங்கள். உயிரோடு கடையிலேயே இருக்கிறது என்றால், அதிலுள்ள டாலி ஷார்ட்கட்டை எடுத்துவிட்டு டேட்டா ஃபோல்டரின் பெயரையும் மாற்றி வையுங்கள். பழக்கத்தில் யாராவது அதில் உட்கார்ந்து பில் போட்டுவிடப் போகிறார்கள்.