ஒரு நெல்மணிக் கூலி

“வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, தாயே” என்று கிளி ஜோசியர் சொன்னதும், என் பக்கத்து வீட்டு அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், இன்று மாலை, பூக்கடையை ஒட்டிய நடைபாதையில்.

கிளி வெளியே வந்து, அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை அலகால் இழுத்துக் கொடுத்து, கூலியாக ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் திரும்பியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஜோசியரின் கண்களை. அக்காவின் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த மருத்துவமனை அட்டையின்மேல் அவை ஒரு கணம் நின்று நகர்ந்தன.

1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர், தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பை, அவரவருக்கென்றே எழுதியதுபோல் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புத சக்தியை மோசடியின்றி நிரூபிப்பவருக்கு அறிவித்த ஒரு லட்ச ரூபாயை, அவர் 1978-இல் மறையும்வரை எவரும் வெல்லவில்லை. இதே போன்ற சவாலுக்கு மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்த பத்து லட்சம் டாலரும் அப்படியே கிடந்தது. (பரிசுப் பணம் வேண்டாத அளவுக்கு நம் சாமியார்கள் வசதியானவர்கள் போலும்.)

இவற்றையெல்லாம் காரில் சொல்ல வாயெடுத்தேன்.

“மூன்று மாதத்தில் அம்மாவுக்குச் சரியாகிவிடும் என்றாரே, கேட்டாயா தம்பி?” என்றார் அக்கா. பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. ஜோசியருக்குக் கொடுத்த அந்தப் பத்து மலேசிய வெள்ளிக்கு வேறெங்கே இது கிடைத்திருக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு அம்மாவை மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.