குரங்கு இல்லாத ஊரில்

செங்கோட்டைக்காரிக்குக் குரங்கு புதிதா என்ன? குற்றாலத்துக்குப் போகும்போது பையைக் கெட்டியாகப் பிடிக்காவிட்டால் போச்சு. மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டால் கம்போடு ஒரு ஆள் உட்கார வேண்டும். அதனால்தான் 2021 அக்டோபரில் ஹாரிசன் ஹாட் ஸ்பிரிங்ஸ் வந்து இறங்கிய அன்று, சாலையோரம் நின்ற அந்த உயரமான மரச் சிலையைப் பார்த்து என் ஏழு வயது மகள், "அம்மா, இங்கேயும் குரங்கு இருக்கு" என்று கூவினாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. உடம்பெல்லாம் முடி, தொங்கும் நீளக் கைகள், அக்குளில் மழை ஊறி வளர்ந்த பச்சைப் பாசி.

அப்புறம்தான் தெரிந்தது, கனடா நாட்டுக் காட்டில் குரங்கே கிடையாது. அந்தச் சிலை சாஸ்குவாட்ச், காட்டில் உலவுவதாகச் சொல்லப்படும் முடி மூடிய ராட்சத உருவம். திரும்பின பக்கமெல்லாம் அவர்தான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கடை வாசலில் கையை உயர்த்தி நிற்பார், காபிக் கோப்பையிலும் பனியனிலும் இருப்பார். வான்கூவரிலிருந்து கிழக்கே 130 கிலோமீட்டர் தள்ளி, 2,000 பேர்கூட இல்லாத ஊர். முன்னால் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி, பின்னால் சீடார் மரக் காடு, நடுவே கந்தக வாடை வீசும் வெந்நீர் ஊற்று. வீட்டுக்காரருக்குப் பக்கத்து அகாசிஸில் பால் பண்ணை வேலை. எனக்கு ஒரு ஓட்டலின் சலவை அறையில் இடம் கிடைத்தது.

நவம்பர் என்னை உலுக்கிவிட்டது. மழை எங்கள் ஊரிலும் பெய்யும்தான். குற்றாலச் சாரலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மழை பயமில்லை. ஆனால் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிப்போய், விடிந்தாலும் விடியாத மாதிரியே கிடந்த அந்த நாட்களுக்கு நான் தயாராக இல்லை. வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மலைகள் சரிந்தன. அகாசிஸுக்கும் ஹோப்புக்கும் நடுவே நெடுஞ்சாலை 7-இல் முன்னும் பின்னும் மண் விழுந்து, வண்டியோடு சிக்கிய ஜனங்களை மறுநாள் ஹெலிகாப்டரில் தூக்கி அகாசிஸ் கொண்டுவந்தார்கள். வெளியூர் ஊழியர்கள் வேலைக்கு வர முடியவில்லை. சலவை அறையில் நானும் இன்னொரு அம்மாவும் மட்டும்தான். அறுபதை நெருங்கும் வயது. மனசுக்குள் நான் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன்.

பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தர் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, அவர் என்னை நோக்கி வந்து முனையைக் கையில் கொடுத்துவிட்டு, மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அப்படி முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வோம். பேசாமல் எப்படி இருப்பது? இரண்டாம் நாள் பேச்சுவாக்கில் கேட்டேன்: "சாஸ்குவாட்ச் உண்மையா?"

அக்கா பதில் சொல்லவில்லை. நாலைந்து விரிப்பு மடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. தப்பாக ஏதோ கேட்டுவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சொல் எங்களுடையது. சாஸ்கெட்ஸ். அவர் எங்கள் நிலத்துக்குக் காவல்."

அவர் ஸ்டஹேலிஸ் என்ற பூர்வகுடி மக்களில் ஒருவர். ஹாரிசன் ஆற்றங்கரையில் இருக்கிறது அவர்கள் ஊர். நவம்பரில் அந்த ஆற்றில் சால்மன் மீன் ஏறி வந்து முட்டையிட்டுச் சாகும். அதைத் தின்ன வெண்தலைக் கழுகுகள் ஆயிரக்கணக்கில் மரமெல்லாம் குந்தியிருக்கும். அவர்கள் மொழி ஹல்கமேலம். அதில் சாஸ்கெட்ஸ் ஒரு 'ஸ்லாலகம்', அதாவது இந்த உலகத்துக்கும் ஆவிகளின் உலகத்துக்கும் நடுவே போய்வருபவர், உருவம் மாறக்கூடியவர். ஸ்டஹேலிஸ் சமூகத்தின் சின்னத்திலேயே அவர் இருக்கிறார். அக்காவின் குளிர்க்கோட்டில் தைத்திருந்த அந்தச் சின்னத்தைத் தினமும் பார்த்திருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இந்த விஷயம் ஒரு பிடிப்பாகிவிட்டது. வேலை முடிந்து மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, இருட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். நூலகத்தில் கேட்டேன், அக்காவிடம் கேட்டேன். இந்த ஊரை எனக்கு நெருக்கமாக்கியது இந்தத் தேடல்தான் என்று சொல்லலாம்.

சாஸ்குவாட்ச் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் ஜே.டபிள்யூ. பர்ன்ஸ். 1920களில் இந்தப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியர். ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதி, 1929 ஏப்ரலில் கனடாவின் 'மக்லீன்ஸ்' பத்திரிகையில் கட்டுரையாக வெளியிட்டார். சாஸ்கெட்ஸ் என்ற சொல் ஆங்கிலக்காரர் வாய்க்கு ஏற்ப சாஸ்குவாட்ச் ஆனது. அவர் எழுதிய கதைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். அவற்றில் வருபவர்கள் குரங்குகளே இல்லை. அவர்கள் ராட்சத உயரமுள்ள மனிதர்கள். நீண்ட முடி உண்டு, குகையில் வாழ்வார்கள், நெருப்பு மூட்டுவார்கள். முக்கியமாக, பேசுவார்கள், அதுவும் இந்த மக்களுக்குப் புரியும் மொழியிலேயே.

அப்படியானால் அவர் குரங்கானது எப்போது?

1957இல் ஹாரிசன் ஊராட்சிக்கு ஒரு யோசனை வந்தது. மறு வருஷம் எங்கள் மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் நூற்றாண்டு விழா. அதற்காக சாஸ்குவாட்ச் தேடும் வேட்டை நடத்தலாம் என்று அரசிடம் காசு கேட்டார்கள். காசு கிடைக்கவில்லை, செய்தி மட்டும் உலகமெல்லாம் போய்விட்டது. அது இமயமலையின் 'யெட்டி' என்ற பனிமனிதனைப் பற்றிப் பத்திரிகைகள் ஓயாமல் எழுதிய காலம். 1951இல் மலையேறி எரிக் ஷிப்டன் பனியில் எடுத்த காலடிப் படம் எல்லார் மனதிலும் இருந்தது. அகாசிஸில் பத்திரிகை நடத்திய ஜான் கிரீனும், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ரெனே டாகிண்டனும் சாட்சிகளைத் தேடி அலைந்தார்கள். 1958இல் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் சாலை போட்ட தொழிலாளர்கள் பெரிய பெரிய காலடிகளைப் பார்க்க, 'பிக்ஃபுட்', அதாவது பெருங்கால், என்ற பெயர் பத்திரிகையில் பிறந்தது. அந்த வேலையின் ஒப்பந்தக்காரர் ரே வாலஸ் 2002இல் இறந்தபோது, மரத்தில் செதுக்கிய பாதங்களை எடுத்துக் காட்டி, அந்தத் தடங்களைப் பதித்தது அவர்தான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். 1967இல் அதே பிளஃப் கிரீக்கில் எடுத்த சுமார் ஒரு நிமிடப் படத்தில் நடந்துபோகும் முடி மூடிய உருவம்தான், இன்று யாரிடம் சாஸ்குவாட்ச் என்றாலும் கண்முன் வருவது.

பேசத் தெரிந்த, நெருப்பு மூட்டத் தெரிந்த ஒருவரிடமிருந்து பேச்சையும் நெருப்பையும் பிடுங்கிவிட்டு மிருகமாக நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்த ராத்திரி எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மிருகமாக்கிய பிறகு முடியைப் பொறுக்கிச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆக்ஸ்போர்டின் பிரையன் சைக்ஸ் குழு உலகம் முழுவதிலுமிருந்து வந்த இப்படிப்பட்ட முடிகளின் டி.என்.ஏ.வைப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டது: கரடி, குதிரை, மாடு என்று எல்லாம் தெரிந்த விலங்குகளே. இந்தப் பக்கம் கருங்கரடிகள் நிறைய. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்க இரண்டு காலில் எழுந்து நிற்கும். அந்தி நேரத்தில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று அப்படி நின்றதை நானே பார்த்துக் கால் நடுங்கியிருக்கிறேன். காட்டில் பெரிய மனிதக்குரங்கு இருக்கிறதா என்றால், இல்லை என்றே நம்புகிறேன்.

ஆனால் பூர்வகுடிக் கதைகளில் இதற்கு வேர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இருக்கிறது, ஆழமாகவே இருக்கிறது. எங்கள் பக்கம் மாமரத்தில் ஒட்டுக் கட்டுவார்களே, அப்படித்தான் இதுவும். வேர் அவர்களுடையது. மேலே வைத்துக் கட்டிய குருத்து பத்திரிகைக்காரர்களுடையது. பழத்தை மட்டும் பார்ப்பவருக்கு வேர் என்ன மரம் என்று தெரியாது.

கலிபோர்னியாவில் டூலி ரிவர் பூர்வகுடி நிலத்தில் ஒரு பாறை ஓவியம் உண்டு. யோகுட்ஸ் மக்களின் பழைய ஓவியம், பெயர் 'மயக் டடட்'. முடி மூடிய மனிதன். மனிதர்களை உண்டாக்கக் கூடிப் பேசியவர்களில் அவனும் ஒருவன். அவனைப் போலவே இரண்டு காலில் நடக்கிறோம் நாம். ஆனால் உண்டான மனிதர்கள் அவனைக் கண்டதும் பயந்து ஓடினார்கள். அதனால் ஓவியத்தில் அவன் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. அழுகிறவனைத் துப்பாக்கியோடு தேடிப் போனவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

2022 வசந்தத்தில் வான்கூவர் ஸ்டான்லி பார்க்குக்குப் போனோம். அங்கே பிராக்டன் பாயின்டில் பூர்வகுடிகள் உருவங்கள் செதுக்கிய குலமரக் கம்பங்கள் (டோட்டம் போல்) நிற்கின்றன. அதில் ஒன்றை எல்லன் நீல் என்ற பெண் 1955இல் செதுக்கினார். அவர் குவாக்வாகவாக் என்ற பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவர். அவர்களின் இரண்டு வனவாசிகளும் அந்தக் கம்பத்தில் உண்டு: சூனுக்வாவும் பக்வஸும். சூனுக்வா காட்டுப் பெண். குழிந்த கண்கள், குவிந்த உதடு. 'ஹூ' என்று கூவிக்கொண்டு வருவாள், அடங்காத பிள்ளைகளை முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டு போவாள். அவளே செல்வத்தையும் தருவாள். பக்வஸ் ஆவிகளின் உணவை நீட்டுவான். வாங்கித் தின்றால் திரும்ப முடியாது. மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். என் ஆச்சி கோணிச் சாக்கோடு வரும் பிள்ளைபிடிக்கிறவனைச் சொல்லி என்னைச் சோறு தின்ன வைத்தது ஞாபகம் வந்தது. அவனிடம் செல்வம் எதுவும் இல்லை. அந்த வகையில் சூனுக்வா பெரியவள்.

சூனுக்வா போன்றவர்களின் முகமூடிகளை அணிந்து ஆடி, விருந்தும் பரிசும் வழங்கும் 'பாட்லாச்' சடங்கைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. 1921 கடைசியில் ஒரு பெரிய பாட்லாச் நடத்தியதற்காகப் பலரைச் சிறைக்கு அனுப்பி, முகமூடிகளைப் பறித்து அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார்கள். கதை சொல்லும் ஆட்டமே குற்றமாக இருந்த அதே நாட்களில், அந்தக் கதையை வைத்துச் சுற்றுலா விழா நடந்தது. ஹாரிசனில் முதல் சாஸ்குவாட்ச் விழா 1938இல். 1921ஐயும் 1938ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

வேய்ன் சட்டில்ஸ் என்ற மானுடவியலாளர் இந்தக் கரையோர மக்களோடு பல ஆண்டுகள் பழகியவர். உண்மை விலங்கு, கற்பனை விலங்கு என்று நாம் கிழிக்கும் கோடு அவர்களிடம் அப்படிக் கிடையாது என்று எழுதினார். நான் கேட்ட கேள்விக்கு அக்கா ஏன் பேசாமல் நின்றார் என்பது அதைப் படித்த பிறகே எனக்குப் புரிந்தது.

மறுநாள் சலவை அறையில், இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நானாகவே சொன்னேன். எங்கள் குலதெய்வம் சங்கிலி பூதத்தார். பொதிகை மலையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் இருக்கிறார். ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் கூட்டம் கூட்டமாகப் போய்க் குடில் போட்டுத் தங்குவோம். சாமி வந்தவர் இரும்புச் சங்கிலியால் உடம்பில் அடித்துக்கொள்வார். பூதத்தார் எவ்வளவு உயரம், அவர் காலடி எத்தனை அங்குலம் என்று நாங்கள் யாரும் அளந்ததில்லை. அவர் காவல், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அக்கா விரிப்பைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

இப்போது நடக்கும் சாஸ்குவாட்ச் விழாவை ஸ்டஹேலிஸ் மக்களும் ஊராரும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஜூனில் ஏரியில் போர்ப்படகுப் பந்தயம், கரையில் சால்மன் சுடுவார்கள். ஒரு படகில் பதினோரு பேர், துடுப்பு பதினொன்றும் ஒரே நொடியில் தண்ணீரைத் தொடும். முதல் வருஷம் அக்காவின் பேத்தி அதில் ஒரு துடுப்பு. என் மகள் கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். வீட்டுக்கு வரும் வழியில் சாலையோரச் சிலையைப் பார்த்து, "அம்மா, அது குரங்கு இல்லையாம். டீச்சர் மாதிரி ஒரு பாட்டி வந்து சொன்னாங்க" என்றாள்.

"யாராம்?"

"காவல்காரராம்."

அடுத்த வாரம் விரிப்பு மடிக்கும்போது அக்கா கேட்டார்: "உங்கள் பூதத்தாரை விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டாயே, இப்போது அவருக்கு யார் சாப்பாடு வைக்கிறார்கள்?"

சித்தப்பா மகன் வருஷம் தவறாமல் போய்ப் பொங்கல் வைக்கிறான் என்று சொன்னேன்.

"நல்லது" என்று தலையசைத்தவர், என்னை நோக்கி வந்து முனையைக் கையில் கொடுத்தார்.