கூட்டத்தை உடலால் அறியும் மீன்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாமிரபரணி செங்கலங்கலாகப் பெருகி ஓடும்போது, அதில் வாழும் மீனுக்குக் கண்ணால் பெரிய பயன் இருக்க முடியாது. சந்தையில் வாங்கி வரும் கெண்டையின் விலாவைக் கூர்ந்து பார்த்தால், செவுளுக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஒரு மெல்லிய கோடு செல்வது தெரியும். நீரின் அசைவை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இந்தப் பக்கக்கோட்டில்தான் இருக்கின்றன. கண்களை மறைத்துவிட்ட கடல்மீன்களும் தம் கூட்டத்தோடு சேர்ந்து நீந்தின என்பதை ஆய்வாளர் பிச்சரும் அவருடைய சகாக்களும் 1976ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள்.

என்னை வெகுவாகப் பாதித்தது 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில், எரின் ஷூமனின் குழுவினர், ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் சிறு நன்னீர் மீன்களான வரிக்குதிரை மீன்களைத் தனிமையில் வளர்த்தபோது, அவற்றின் மூளையில் 'பாராதைராய்டு ஹார்மோன் 2' என்பதற்கான மரபணுவின் செயல்பாடு ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. அந்த மீன்களைத் தம் இனத்தோடு சேர்த்துவிட்ட அரைமணி நேரத்திலேயே அது உயரத் தொடங்கி, 12 மணி நேரத்தில் கூட்டத்தில் வளர்ந்த மீன்களின் அளவை எட்டியது. இந்த மாற்றத்தை உண்டாக்கியது பார்வையும் அன்று, மணமும் அன்று. அருகில் நீந்தும் மீன்கள் நீரில் எழுப்பும் அசைவே. பக்கக்கோட்டின் மயிர்ச் செல்களை அழித்துவிட்டால், சுற்றிலும் துணை இருந்தும் ஹார்மோன் உயரவில்லை. மாறாக, வேறு மீனே இல்லாத தொட்டியில், மீன் நீந்துவதைப் போன்ற அசைவை இயந்திரத்தால் உண்டாக்கியபோது அது உயர்ந்தது.

அந்த மீனின் மூளையைப் பொறுத்தவரை, துணை இருப்பதும் துணையை உணர்வதும் வெவ்வேறு செய்திகள் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. பகைமையிலும் இந்த உணர்வுக்கு வேலை உண்டு. ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்களில், பக்கக்கோட்டை இழந்த ஆண்கள் எதிரியின் வலிமையைத் தொலைவிலிருந்தே எடைபோட முடியாமல், நேரடியாக மோதும் சண்டையில் கூடுதலாக இறங்கின.

மீனில் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது முறையன்று. இருந்தாலும், செவி மந்தமான பிறகு எங்கள் ஆச்சி கல்யாண வீடுகளில் நடுக்கூடத்தில் அமர்ந்தபடியே, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று கேட்பதை நான் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். வயதானால் ஒதுங்கத்தான் செய்வார்கள் என்று உறவினர்கள் சொல்லும்போது, முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். நம் உட்செவியில் ஒலியை உணர்பவையும் அதே வகை மயிர்ச் செல்கள்தாம். நியோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் மீனின் பக்கக்கோட்டில் உள்ளவை, நம் செவியில் உள்ளவை இரண்டையுமே சிதைக்கின்றன. வரிக்குதிரை மீனின் பக்கக்கோட்டில் அழிந்தவை சில நாள்களில் மீண்டும் முளைத்துவிடுகின்றன. மனிதச் செவியில் அழிந்தவை தாமாக முளைப்பதில்லை.