குழாய்க்குக் கட்டிய லுங்கி

டிசம்பர் 27

காலை ஆறேகாலுக்குக் கதவைத் திறந்தால், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முன்னால் புல்தரை முழுக்க உப்பைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. மூணாறு பக்கத்துச் செண்டுவாரையில் இந்தக் குளிருக்கு இதுதான் முதல் உறைபனி. பைக் சீட்டை விரலால் கீறினேன், நகத்துக்கடியில் ஐஸ் சேர்ந்தது.

குழாயைத் திறந்தேன். ஒரே ஒரு இருமல் வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. எங்கே அடைத்திருக்கும் என்று போய்ப் பார்க்காமலே தெரியும். மேல் ஓடையிலிருந்து வரும் கருப்பு ஓஸ், மண்ணுக்குள் பதிந்த இடத்தில் ஒரு வருஷமும் உறைந்ததில்லை. புல்மேல் சும்மா கிடக்கிற அந்த 30 அடியில்தான் வம்பு. மிதித்தேன், உள்ளே நறநறவென்றது. எட்டரைக்கு வெயில் ஏறியதும் தானாக விட்டுக்கொண்டது. முதலில் வந்து விழுந்தது கண்ணாடிக் குச்சி மாதிரி ஐஸ், பின்னாலேயே தண்ணீர்.

“31 வருஷம் எஸ்டேட் ஃபிட்டர், சொந்த வீட்டு ஓஸைப் புதைக்க நேரமில்லை” என்றாள் வீட்டுக்காரி. பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது?

டிசம்பர் 28

காலை ஏழுக்கு மகள் அழைத்தாள். அரிசோனாவில் டூசான் என்ற ஊர். எனக்கு ஏழு என்றால் அவளுக்கு முந்தின நாள் மாலை ஆறரை. “அப்பா, இங்கேயும் இந்த வாரம் ஃப்ரீஸ் ஆகுமாம், குழாயை மூடி வைக்கச் சொல்றாங்க” என்றாள். கள்ளி நிற்கிற பாலைவனத்தில் என்ன ஐஸ் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நேற்று எங்கள் புல்லை வெளுக்க வைத்தது எதுவோ, அதேதான் அங்கேயும். மேகமில்லாத வானம், ஈரமில்லாத காற்று. பகலில் மண் வாங்கிய சூட்டை இரவில் பிடித்து வைக்க மேலே போர்வை இல்லை. பகலில் 18, 20 டிகிரி அடிக்குமாம், விடியும்போது பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுமாம்.

2011 பிப்ரவரியில் அந்த ஊரில் மைனஸ் 8 வரை இறங்கி நிறைய வீடுகளில் குழாய் வெடித்ததாம். பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வருஷத்தில் பத்து ராத்திரிக் குளிருக்காக யார் வீடு கட்டுகிறார்கள்? அங்கே குழாய் வெளிச்சுவரோடு திறந்தபடி ஓடுகிறது. லயம் கட்டியவர்களும் இதே புத்திதான்.

டிசம்பர் 29

வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். தோட்டத்துக் குழாய் இரண்டு. செடிக்குச் சொட்டுநீர் போகும் லைன். தோட்டத்துத் தண்ணீர் திரும்பி வந்து குடிநீரில் கலக்காமல் இருக்க, தெருவோரம் முழங்கால் உயரத்தில் ஒரு பித்தளை வால்வு. அந்த வால்வு கோமணம்கூட இல்லாமல் நிற்கிறது.

மாப்பிள்ளை பிளாஸ்டிக் பை வாங்கி வைத்திருந்தார். அதை மட்டும் கட்டினால் பிரயோஜனமில்லை, குளிர் நேராக உள்ளே போகும் என்றேன். முதலில் காய்ந்த துணி கனமாக, அதற்கு மேல் பிளாஸ்டிக், துணி நனையாமல் இருக்க. நனைந்த துணி சுற்றுவதற்குச் சுற்றாமலே விடலாம். “போன தடவை வந்தப்போ என் லுங்கி ரெண்டு அங்கேயே விட்டுட்டு வந்தேனே, அதை எடுத்துச் சுத்து பாப்பா” என்றேன்.

ராத்திரி வீட்டுக்குள்ளே வெளிச்சுவர் ஓரக் குழாயைச் சொட்டவிடச் சொன்னதற்குத்தான் தயங்கினாள். பாலைவனத்தில் தண்ணீரை வீணாக்கவா? நியாயம்தான். ஆனால் குழாய் கிழிவது பெரும்பாலும் ஐஸ் உட்கார்ந்த இடத்திலேயே அல்ல. தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் போல உப்பும். உப்புகிற ஐஸுக்கும் மூடின குழாய் வாய்க்கும் நடுவில் மாட்டிய தண்ணீர் நெருக்குப்பட்டு, எங்கே பலவீனமோ அங்கே கிழித்துக்கொண்டு வரும். சொட்டு விட்டால் அந்த நெருக்கத்துக்கு வழி கிடைக்கும். கீழே ஒரு வாளி வை, காலையில் செடிக்கு ஊற்று என்றேன். சரி என்றாள்.

டிசம்பர் 31

மண்வெட்டி எடுத்து ஒரு வழியாக ஓஸைப் புதைத்தேன். 30 அடியில் 22 அடிதான். மீதி பாறை. அதற்கு மேல் சாக்கு.

ஜனவரி 1

ராத்திரி பத்தரைக்கு அழைப்பு. புத்தாண்டு வாழ்த்து என்று நினைத்து எடுத்தால், மகள் அழாத குறை. கூரை ஓரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அங்கே காலை பத்து மணி. சுற்றின குழாயெல்லாம் பத்திரமாக இருக்கிறது. கிழிந்தது யாருமே நினைக்காத ஒன்று. மொட்டைமாடியில் வெயில் காலத்துக்கு வைக்கிற பெரிய ஏர்கூலருக்குப் போகும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத செம்புக் குழாய். கூலரை நிறுத்தியவர்கள் அதில் நின்ற தண்ணீரை வடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூணாறுக்காரனுக்கு மாடியில் கூலர் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

விடியற்காலையிலேயே கிழிந்திருக்கும். ஐஸே அடைப்பாக இருந்ததால் தெரியவில்லை. வெயில் ஏறி உருகின பிறகுதான் பீய்ச்சியிருக்கிறது.

“மெயின் வால்வை மூடு” என்றேன். மெயின் எங்கே என்று இரண்டு பேருக்கும் தெரியாது! குடி வந்து மூன்று வருஷம். தெருவோரத்தில் மண்ணோடு மண்ணாக ஒரு மூடி, அதைத் திறக்க மாப்பிள்ளைக்கு மனசு வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் விஷச்சிலந்தி இருக்குமாம். விளக்குமாற்றால் தட்டி, கையுறை போட்டு, மூடுவதற்குள் பத்து நிமிஷம். நான் இங்கே கம்பளிக்குள் உட்கார்ந்து காற்றில் வால்வு திருகிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 3

இங்கே மூன்றாம் லயத்தில் ஒரு பையன், உறைந்த பிவிசி குழாய்க்குக் கீழே காகிதம் கொளுத்திக் காட்டியிருக்கிறான். ஐஸ் உருகியது, வளைவில் இருந்த எல்போ மூட்டும் சேர்ந்து உருகியது. புது எல்போ, ஒட்டுவதற்கு சால்வென்ட், அரை நாள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, சூடான துணியை வாய்ப்பக்கத்திலிருந்து பின்னால் நகர்த்திக்கொண்டே போனால் போதும். உருகுகிற தண்ணீருக்கு முதலில் வெளியேற வழி வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் ஐஸ், நடுவில் சூடு, மறுபடியும் அதே நெருக்கம்.

கங்காணி வந்து, பள்ளத்துத் தேயிலை கருகிப்போச்சு என்றார். குளிர்காற்று தண்ணீர் மாதிரி, பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். மேட்டுச் செடிகளுக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 6

மாப்பிள்ளை வெட்டி எடுத்த செம்புத் துண்டைப் படம் பிடித்து அனுப்பினார். எலியை விழுங்கின சாரைப்பாம்பு மாதிரி நடுவில் புடைத்து, புடைப்பின் முதுகில் ஒரு அங்குலக் கீறல், ஓரங்கள் வெளிப்பக்கம் மலர்ந்திருக்கின்றன. லைனுக்கு மூடி போட்டு வடித்துவிட்டாராம், வெயில் காலம் வரை அப்படியே. மெயின் பெட்டி மூடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாராம்.

கூடவே இன்னொரு படம். தெருவோரத்துப் பித்தளை வால்வுக்கு என் நீலக்கட்டம் போட்ட லுங்கி. மேலே பிளாஸ்டிக் பை. இடுப்பில் சொருகுவது போலவே, நுனியை உள்ளே மடித்துச் சொருகியிருக்கிறார்.